சிரிப்பு வெட்டுப்பட்ட இடம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மாலை சீரியலுக்கு நடுவே ஒரு விளம்பரம். ஒருவர் கதவைத் திறக்கிறார். உள்ளே நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். உடனே ஒரு டப்பா வந்து நிற்கிறது. எதற்குச் சிரித்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. எங்களுக்குத்தான் நகைச்சுவை உணர்வு குறைவா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்களிடம் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பார்த்தது விளம்பரத்தின் வால் மட்டும்.

டி.வி.யில் விளம்பர நேரம் பத்து நொடிக் கணக்கில் விலை போகிறது. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம், அதிலும் 2 நிமிடம் சேனல் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ள என்பது கேபிள் டி.வி. விதிகளின் கணக்கு. மிச்சம் 10 நிமிடம், அதாவது அறுபது பத்து நொடித் துண்டுகள். அதனால் பொருள் புதிதாக வரும்போது 30 நொடி, 40 நொடி, சில சமயம் 60 நொடி என்று முழுப் படத்தையும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். பிறகு அதையே 20, 15, 10 நொடியாக நறுக்கி மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். நீங்கள் அந்த ஆரம்ப நாட்களைத் தவறவிட்டிருப்பீர்கள்.

30 நொடி நகைச்சுவைப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். யார், எங்கே, என்ன நிலைமை என்று காட்ட 12 நொடி போகும். அது தலைகீழாகிற இடம் 8 நொடி, சுற்றியிருப்பவர்களின் முகம் 5 நொடி, பொருளும் பெயரும் 5 நொடி. இதைப் பத்தாக வெட்டும்போது பெயர் வருகிற துண்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். குறைந்தது 3 நொடி அதற்கு. மிஞ்சுவது 7 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் (அசையாத ஒற்றைப் படம்) வீதம் 175 ஃபிரேம். அவசரத்தில் வெட்டுகிறவர் கலகலப்பாகத் தெரிகிறதே என்று சிரிக்கும் முகங்களை வைத்துக்கொண்டு, சிரிப்புக்குக் காரணமான நிலைமையைத் தூக்கிவிடுகிறார். நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். நிலைமையை நாம் பார்த்துவிட்டால் சிரிக்கிற வேலையை நாமே செய்துகொள்வோம். நமக்குப் பதிலாகத் திரையில் நாலு பேர் சிரிக்கத் தேவையில்லை.

முழுப் படம் வேண்டுமென்றால் யூடியூபில் அந்தப் பொருளின் சொந்தச் சேனலுக்குப் போய், ஒரே தலைப்பில் இருக்கும் படங்களில் நீளம் அதிகமானதைத் திறந்து பாருங்கள். பத்தில் ஏழு தடவை புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும். மீதி மூன்று, முழுசாகப் பார்த்தாலும் சிரிப்பு வராத ரகம்.

கேள்வி: வடக்கிலிருந்து வரும் விளம்பரங்களைத் தமிழில் பேசவைக்கும்போது ஜோக் ஏன் சப்பென்று போகிறது? (வாசகர், சேலம்)

பதில்: மூன்று இடத்தில் இடிக்கும். முதலாவது உதடு. ப, ம இரண்டும் உதடு மூடிச் சொல்லும் எழுத்துகள். முகத்தை அருகில் காட்டும் ஷாட்டில் வாய் மூடுகிற ஃபிரேமில் இந்த எழுத்துகளில் ஒன்று விழ வேண்டும். அப்படி விழும் சொல்லைத் தேடப் போய், சிரிப்பு வரவழைக்கும் சொல்லைப் பலி கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது நீளம். எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தால் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே சொல் ஒரு நொடியைத் தின்றுவிடும். பேச்சில் ‘செஞ்சிட்டிருக்கேன்’. பத்து நொடியில் பதினைந்து சொல்லுக்கு மேல் திணித்தால் குரல் ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற குரலில் நகைச்சுவை நிற்காது. அதற்கு முன்னால் அரை நொடி மௌனம் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய வில்லங்கம்: சொல் வரிசை. இந்தியில் வினை கடைசியில் வரும், தமிழிலும் அப்படியே. அதனால் இந்தியிலிருந்து வருவதற்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளம்பரத்தில் எதிர்பாராத பொருளின் பெயர் கடைசியில் வந்து விழும். அதைத் தமிழில் ‘அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்’ என்று ஆக்கினால், வெடி நடுவிலேயே வெடித்துப் புகை மட்டும் கடைசியில் வரும். ‘இத்தனை நேரம் அவர் தேடினது... மூக்குக்கண்ணாடி’ என்று திருப்பிப் போட்டால் ஆயிற்று. தமிழில் வழி இருக்கிறது. எழுதுகிறவர் நிமிர்ந்து யோசிக்க வேண்டும். ‘கறை நல்லது’ என்ற வரி இந்தியிலிருந்து வந்ததுதான். இரண்டே சொல், அலுங்காமல் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

பேச்சே இல்லாத படத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. 2000களின் தொடக்கத்தில் வந்த ஃபெவிகால் பேருந்து விளம்பரம் நினைவிருக்கலாம். பாலைவனச் சாலையில் கூரையிலும் பக்கவாட்டிலும் ஆட்கள் ஒட்டிக்கொண்டு தொங்கும் பேருந்து, குலுங்கிக் குலுங்கிப் போகிறது, ஒருவரும் விழவில்லை. பேருந்தின் முதுகைக் கடைசியில் காட்டும்போதுதான் பசையின் பெயர் தெரிகிறது. அந்தப் பெயரை முதலில் காட்டியிருந்தால் அது வெறும் நெரிசல் பேருந்து. ராம் மாத்வானி இயக்கிய ஹாப்பிடென்ட் சூயிங்கம் அரண்மனை விளம்பரமும் இந்த ரகம்: விளக்குக்குப் பதில் மனிதர்களின் பல் ஒளிர்கிறது. பாட்டு இந்தியில் இருந்தும் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கேள்வி: முட்டைத் தலையுடன் வந்த வோடஃபோன் ஜூஜூக்கள் கம்ப்யூட்டர் பொம்மைகள் என்று நானும், மனிதர்கள் என்று என் மகனும். பந்தயம் கட்டியிருக்கிறோம். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பணத்தை மகனிடம் கொடுத்துவிடுங்கள். 2009 ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவில் நடந்த சமயத்தில் வந்தவை அவை. பிரகாஷ் வர்மா இயக்கத்தில் கேப்டவுனில் எடுத்தார்கள். வெள்ளை உடை, பெரிய தலை மாட்டிய நிஜ மனிதர்கள். முகபாவத்துக்குத் தலையில் ரப்பர் துண்டுகளை ஒட்டி மாற்றினார்கள். உருவம் குட்டியாகத் தெரியச் சுற்றியுள்ள பொருட்களைப் பெரிதாகச் செய்து வைத்தார்கள். நொடிக்கு 20 ஃபிரேம் எடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் நடை கால்வாசி வேகம் கூடி வெடுக் வெடுக்கென்று ஆகும். உங்களுக்குப் பொம்மை என்று தோன்றியது இதனால்தான். பேச்சு எந்த மொழியிலும் இல்லாத உளறல் என்பதால் டப்பிங் செலவும் மிச்சம்.

கேள்வி: நாலு நண்பர்கள் கண்ணடித்துக்கொள்கிறார்கள், ஒரு கோப்பை மின்னுகிறது, கடைசியில் ‘மியூசிக் சி.டி.’ என்கிறார்கள். சி.டி. வாங்க இப்போது யார் இருக்கிறார்கள்? (வாசகர், மதுரை)

பதில்: சி.டி.யை விற்பது அவர்கள் நோக்கம் இல்லை. 2000இல் கேபிள் டி.வி. விதிகளைத் திருத்தி, மது, புகையிலையை நேராகவோ மறைமுகமாகவோ விற்கும் விளம்பரங்களைத் தடுத்தார்கள். உடனே மதுவின் பெயரிலேயே சோடா, சி.டி., விளையாட்டுக் கோப்பை என்று பினாமிகள் கிளம்பின. அந்தக் கண்ணடிப்புதான் அங்கே ஜோக்: ‘எதைச் சொல்கிறோம் என்று உனக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.’ தெரியாதவருக்குப் புதிர். 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இப்படிப்பட்ட பினாமி விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. சேனலின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: ஒரு பெண் ஓடிவந்து பெரிய திரையில் சுத்தியலை வீசுகிற பழைய ஆப்பிள் விளம்பரத்தை உலகத்திலேயே சிறந்தது என்கிறார்கள். அதில் கம்ப்யூட்டரே இல்லையே? (வாசகி, சென்னை)

பதில்: அது ஒரு நாவலைப் படித்தவர்களுக்காக எடுத்த விளம்பரம். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலின் பெயர் ஒரு வருடம்: 1984. எல்லோரையும் ஒரே முகம் திரையிலிருந்து கண்காணிக்கும் நாடு அதில் வருகிறது. நிஜமான 1984 பிறந்ததும், ஜனவரி 22ஆம் தேதி அமெரிக்காவின் சூப்பர் பவுல் கால்பந்து ஆட்டத்தின் நடுவே ரிட்லி ஸ்காட் இயக்கிய இந்த 60 நொடிப் படம் ஓடியது. இரண்டு நாள் கழித்து மெக்கின்டாஷ் வந்தது. இந்த 1984 ஏன் அந்த ‘1984’ போல இருக்காது என்று பார்ப்பீர்கள் என்பதுதான் கடைசி வரியின் சாரம். வருடமும் புத்தகத் தலைப்பும் ஒரே எண்ணாக இருப்பதில்தான் குத்தல் உட்கார்ந்திருக்கிறது. நாவல் தெரியாதவருக்கு அது ஓட்டப் பந்தயம். ஆர்வெல் நூல்களின் உரிமையாளர்கள் தரப்பு எதிர்ப்புக் கடிதமே அனுப்பியது.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் ஆழ்வார்க்கடியான் வந்தாலே சிரிப்பேன். படத்தில் ஜெயராம் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனாலும் அந்தச் சிரிப்பு வரவில்லை. எங்கே போயிற்று? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கோயம்புத்தூர் வாசகிக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

ஐந்து பாகத்திலும் சேர்த்து 57, 53, 46, 46, 91 என்று 293 அத்தியாயம். இரண்டு படமும் சேர்ந்து ஏறத்தாழ 330 நிமிடம். வகுத்துப் பார்த்தால் அத்தியாயத்துக்கு 68 நொடி, கிட்டத்தட்ட ஒரு விளம்பரத்தின் நீளம். மணிமேகலை என்ற பாத்திரத்தையே எடுத்துவிட்ட பிறகும் கணக்கு இவ்வளவுதான்.

இரண்டாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வீர வைணவர், ஒரு சைவர், ஓர் அத்வைதி மூவரும் மல்லுக்கு நிற்கிறார்கள். எல்லாம் ஒரே பிரம்மம் என்றால் அடிக்கிறது யார், அடிபடுகிறது யார் என்று தடியை ஓங்குகிறான் ஆழ்வார்க்கடியான். இதற்குச் சிரிக்க, மூன்று தரப்பின் வாதமும் முதலில் காதில் விழுந்திருக்க வேண்டும். மேடையில் சொன்னாலே நாலு நிமிடம் ஆகும். கதைக்கோ அந்தச் சண்டையால் ஒரு அங்குலமும் நகர்வு இல்லை. திரைக்கதை எழுதுகிறவர் கத்தரி எடுக்கும்போது முதலில் விழுவது இந்த மாதிரி இடம்தான். ஆள் மிஞ்சுவான், வாதம் போய்விடும். காரணம் போய் விளைவு மட்டும் நிற்கிற அதே கதை.

இன்னொரு இழப்பு கல்கியின் குரல். நேயர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி அழைத்து, வழி நெடுக நம் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறவர் அவர். படத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசன் குரல் கதை சொல்கிறது. ஆனால் அது வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் குரல், கிண்டல் செய்யும் குரல் அல்ல. அதுவும் சீக்கிரமே ஒதுங்கிக்கொள்கிறது.

நீங்களே சோதிக்க ஒரு வழி. எந்த நாவலானாலும் படித்துச் சிரித்த வரிகளைப் பென்சிலால் கோடிடுங்கள். பத்துப் பக்கம் போதும். பிறகு பாருங்கள்: கோடு விழுந்த வரிகள் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றனவா, வெளியேவா? உள்ளே இருப்பது பாத்திரத்தின் வாயில் இருப்பது. நல்ல நடிகர் கிடைத்தால் திரைக்கு அப்படியே வரும். வெளியே இருப்பது ஆசிரியர் வாயில் இருப்பது. அதற்குத் திரையில் வாய் கிடையாது.

கேள்வி: அப்படியானால் ‘தில்லானா மோகனாம்பாள்’ மட்டும் எப்படித் தப்பித்தது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியது அது, கோபுலுவின் ஓவியம் பக்கத்திலேயே வந்தது. வாசகர்கள் வாரா வாரம் முகங்களைப் பார்த்தே பழகியிருந்தார்கள். பென்சில் சோதனையைச் செய்தால் சவடால் வைத்தியின் வேடிக்கை பெரும்பாலும் அவன் பேச்சில் இருப்பது தெரியும். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதை நாகேஷிடம் கொடுத்தார். அங்கவஸ்திரத்தை அள்ளிப் போட்டுக்கொள்வது, குனிவது, ஒரே மூச்சில் பேசி ஆளைக் கவிழ்ப்பது எல்லாம் உடம்பால் செய்யும் நகைச்சுவை. ஆனால் வைத்தியின் தொழில் என்ன? சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என்று பெரிய மனிதர்களிடம் ஒரு பெண்ணைச் சேர்ப்பிக்கப் பார்ப்பது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது நெஞ்சில் ஒரு முள் குத்தும். அந்த முள்ளை நாகராஜன் பிடுங்கிப் போடவில்லை. படத்தின் அருமை அங்கேதான்.

மேலும், கதையின் உயிரான நாதஸ்வரம் எழுத்தில் கேட்காது. மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, சிவாஜி கன்னத்தை உப்பி விரலை நகர்த்தியபோது, நாவலால் முடியாத ஒன்றைப் படம் செய்துவிட்டது.

கேள்வி: எதை முதலில்? படமா, புத்தகமா? (வாசகி, ஈரோடு)

பதில்: தில்லானாவுக்குப் படம். பொன்னியின் செல்வனுக்குப் புத்தகம்.

கேள்வி: ஜேன் ஆஸ்டின் நாவல்கள் நகைச்சுவை என்கிறார்கள். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ அவர் கதை என்று கேள்விப்பட்டுப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. (வாசகி, திருச்சி)

பதில்: 1811இல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலின் தழுவல் அது. விளம்பரப் பட உலகிலிருந்து வந்த ராஜீவ் மேனன் 2000இல் எடுத்தார். ஆஸ்டினுடைய சிரிப்பில் பெரும்பகுதி மேற்கோள் குறிக்கு வெளியே, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஓர் இடம் சொல்கிறோம். நாவலில் கர்னல் பிராண்டனுக்கு முப்பத்தைந்து வயது. கதாநாயகிகளில் ஒருத்தியான பதினேழு வயது மரியன், அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஃபிளானல் (மெத்தென்ற கம்பளித் துணி) உள்சட்டை போடுகிற கிழவர், காதலுக்கெல்லாம் வயசு தாண்டிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறாள். ஜோக் கர்னல் மேல் இல்லை, பதினேழு வயதின் திமிர் மேல். படத்தில் மம்மூட்டி போரில் காலை இழந்த ராணுவ அதிகாரி. காலை இழந்தவரை ஒரு பெண் ஒதுக்கினால் யார் சிரிப்பார்கள்? ஃபிளானல் சட்டை மரக்காலாக மாறிய அந்த நொடியில் நகைச்சுவை சோகமாகிவிட்டது. தமிழ்ப் படத்துக்கு அது பொருந்திய முடிவு என்றே சொல்வோம். மரியனின் கேலி அப்படியே வந்திருந்தால் நம் ஆட்கள் கதாநாயகியை வெறுத்திருப்பார்கள்.

ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸை 1995இல் பி.பி.சி. ஆறு பகுதித் தொடராக எடுத்தபோது, புகழ்பெற்ற முதல் வரியைக் கதாநாயகி எலிசபெத் வாயில் கேலியாகப் பேசவைத்தார்கள். ஆசிரியர் குரலைக் காப்பாற்ற அது ஒரு தந்திரம். ஒரு வரிக்குச் சரி. நூறு வரிக்கு அப்படிச் செய்தால் பாத்திரம் வாயாடியாகிவிடும்.

கேள்வி: எங்கள் காராச்சேவுக் கடைக்கு லோக்கல் கேபிளில் 20 நொடி விளம்பரம், சிரிக்கும்படி வேண்டும். சின்ன பட்ஜெட். எப்படி எடுக்கலாம்? (வாசகர், சாத்தூர்)

பதில்: ஓர் அறை, நாலு ஆள், ஒரு ஜோக். முதலில் 10 நொடி வடிவத்தை எழுதுங்கள். அது நின்றால் மட்டும் இருபதாக நீட்டுங்கள். இருபதை எழுதிவிட்டு வெட்டப் போனால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். சிரிப்புக்குக் காரணம் உங்கள் சேவாகவே இருக்கட்டும். கடை மாறினாலும் பொருந்துகிற ஜோக் பக்கத்துக் கடைக்கும் சேர்த்துத்தான் விளம்பரம்.

மாதிரிக்கு ஒன்று: நூலகம். நிசப்தம் (4 நொடி). ஒருவன் மேசைக்கடியில் பொட்டலத்திலிருந்து ஒரு காராச்சேவை வாயில் போடுகிறான். ‘கடக்.’ எல்லாத் தலையும் திரும்புகின்றன (5 நொடி). மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் அவன் முகம் (3 நொடி). நூலகர் அம்மா விறைப்பாக நடந்து வந்து கையை நீட்டுகிறார். பிடுங்கப்போகிறார் என்று பார்த்தால், உள்ளங்கை மேல்நோக்கி விரிகிறது (4 நொடி). கடைப் பெயர், போன் எண் (4 நொடி). பேச்சே வேண்டாம், கடைசியில் பெயரைச் சொல்ல ஒரு குரல் போதும். பத்து நொடி வடிவத்தில் திரும்பும் தலைகளையும் அவன் முகத்தையும் எடுத்துவிட்டு, மீதியையும் கொஞ்சம் சுருக்குங்கள். நிசப்தம், கடக், நீட்டிய கை, பெயர் நான்கும் இருந்தாக வேண்டும்.

கெட்டுப்போகிற இடம் சத்தம்தான். கேமரா மைக்கில் ‘கடக்’ எடுபடாது. தனியாகப் பதியுங்கள்: மின்விசிறியை நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் வைத்து, அன்று சுட்டு நன்றாக ஆறிய சேவில் எடுங்கள். சூடாக இருந்தாலும் நமுத்திருந்தாலும் சத்தம் செத்துவிடும். கடக்குக்கு முன்னால் 12 ஃபிரேம், அதாவது கிட்டத்தட்ட அரை நொடி, பின்னணி இசையையும் நிறுத்துங்கள். ‘வெறுமையாக இருக்கிறதே’ என்று எடிட்டர் அங்கே தபேலா போட வருவார், விடாதீர்கள்.

எடுப்பதற்கு முன்பே கேபிள்காரரிடம் ஃபைல் என்ன அளவில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் 1920×1080, 25 ஃபிரேம். போன் எண் திரை விளிம்பை ஒட்டி வரக் கூடாது, பழைய டி.வி.க்களில் ஓரம் வெட்டுப்படும். படம் தயாரானதும் கடைப் பெயரை மறைத்துத் தெருவில் ஐந்து பேருக்குக் காட்டி ‘இது எதுக்கான விளம்பரம்?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேராவது சேவு என்று சொல்லவில்லை என்றால், சேவை வாயில் போடுகிற அந்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

அதே நாளில் இரண்டாவது முடிவு ஒன்றையும் எடுத்துவிடுங்கள். நூலகர் ஒரு சேவு வாங்கிக்கொள்ளாமல் பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு போகட்டும். முதல் முடிவு பத்து நாளில் பழசாகிவிடும். பதினோராம் நாள் அதே படம்தானே என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர், போகிற வழியில் நின்று பார்ப்பார்.